களரியும் வகுப்பறையும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துக் கூறுதல் ஆன்றோர் வழக்கு. இம்மூன்றனுள் இயல் பள்ளிக்கூடத்தில் நாடோறும் கற்பிக்கப்படுகின்றது. இசைக்கும் ஓரளவு இடம் உண்டு. காலை வழிபாட்டிலே பண்ணோடு பாடும் பழக்கம் பிள்ளைகளுக்குச் சிறிதேனும் வாய்க்கின்றது. நாடகமோ பரிசளிப்பு விழாவை ஒட்டியோ தமிழ்மொழித் தினப் போட்டியை ஒட்டியோ சில கிழமைகளுக்கு மட்டும் பள்ளிக்குள் வந்து, விழா முடிந்ததும் விடைபெற்றுச் செல்லும் விருந்தாளியாக உள்ளது. அவ்விருந்தாளி வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளோடும் பேசுவதுமில்லை. குரல்வளமும் துணிவும் உடைய சிலர் தெரியப்படுகின்றனர். ஏனையோர் இருந்து கைதட்டுகின்றனர். கைதட்டும் அப்பிள்ளைகளுக்கே நாடகம் மிகுதியாக வேண்டப்படுகின்றது என்பதும், அதனை அவர்களுக்குக் கற்பிக்கத்தக்க முறை கிழக்கிலங்கையின் ஊர்க் களரிகளிலே முன்னரே அமைந்திருந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

காட்டுதலும் கற்பித்தலும்

நாடகத்தைக் காட்டுதல் வேறு. நாடகத்தைக் கற்பித்தல் வேறு. காட்டும் நாடகத்திற்குத் தலைவர் அவையோர். அவர்கள் மகிழவேண்டும் என்பதற்காக உரையாடலை ஆசிரியர் எழுதுகின்றார். பிள்ளை நெட்டுருப் பண்ணுகின்றது. எந்தச் சொல்லுக்குக் கையை உயர்த்தவேண்டும், எந்தச் சொல்லுக்குத் தலையை அசைக்கவேண்டும் என்பனவும் முன்னரே விதிக்கப்பட்டுவிடுகின்றன. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, தனக்குப் பொருள் விளங்காத நீண்ட வசனத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும்போது பெற்றோர் பெருமை கொள்வர். எனினும், அச்சிறுவன் அவ்வசனத்திலிருந்து யாது பெற்றான் எனக் கேட்பின் விடை கூறுதல் அரிது.

கற்பிக்கும் நாடகத்திற்குத் தலைவன் பிள்ளையே. அங்கே ஆசிரியர் ஒரு நிலைமையைக் கொடுக்கின்றார். அதற்குரிய சொல்லையும் செயலையும் பிள்ளை தானே தேடுகின்றது. தேடும்போது மொழி வளர்கின்றது. எதிரே நிற்பவன் சொல்வதைக் கேட்டே மறுமொழி கூறவேண்டியிருத்தலின் செவி கூர்மையுறுகின்றது. பிறனொருவனாக நின்று பேசவேண்டியிருத்தலின் பிறர் துன்பம் அறியும் உள்ளம் உண்டாகின்றது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிற் கல்விப் பகுதியின் நாடக ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றிய பீற்றர் சிலேட் என்பார், சிறுவர் நாடகம் பற்றி 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். சிறுவரின் நாடகம் வளர்ந்தோர் நாடகத்தின் குறைபட்ட வடிவம் அன்று. அது தனக்கெனத் தனியியல்பு உடைய ஒரு கலை என்பது அவர் கொள்கை. இளஞ்சிறாரைத் திரையிட்ட உயர்மேடையில் ஏற்றுதல் அவ்வியல்பைக் கெடுக்கும் என்று கூறிய அவர், குழந்தைகள் தாமாக விளையாடும்போது இயல்பாகவே வட்டமாக அமைகின்றனர் என்பதையும் கண்டு எழுதினார். வட்டக் களரியிலே கூத்தாடிய மக்களின் வழிவந்தோர்க்கு இக்கூற்று அயலானதன்று.

முன்னோர் கண்ட பயிற்சி

நாடகப் பயிற்சியை இளமையிலேயே தொடங்கவேண்டும் என்பது தமிழர்க்குப் பழைய செய்தி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் எனக் கூறுகின்றது. ஆகவே அவள் பயிலத் தொடங்கியது ஐந்தாம் அகவையில் என்பது பெறப்படும். இக்காலத்துப் பிள்ளை முதலாந் தரத்திற் காலெடுத்து வைக்கும் பருவமும் அதுவே. அவள் பயின்றது அரசவைக்குரிய பெருங்கலை. வகுப்பறைக்கு வேண்டுவது அத்துணை நுணுக்கமன்று. ஆயினும், பலரறியக் காட்டுதற்கு முன் ஏழாண்டு காட்டாது பயிலவேண்டும் என்ற முறைமை ஆசிரியர் கருதத்தக்கது.

அக்காதை கூறும் அரங்கின் அளவும் வகுப்பறைக்குப் பயன்படுவது. இருபத்துநான்கு பெருவிரல் அகலம் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது அரங்கு. ஒரு பெருவிரலின் அகலத்தை ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் எனக் கொண்டால், கோல் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாகும். அரங்கின் அகலம் மூன்றரை மீற்றருக்குள்ளும் நீளம் நான்கு மீற்றருக்குள்ளும் அடங்கும். மாதவி ஆடிய அரங்கு ஒரு வகுப்பறையின் பாதியளவே என்பதை ஐந்தாந் தரத்துப் பிள்ளைகள் கேட்டு வியப்பர். ஒரு தடியை ஆசிரியரின் பெருவிரலால் அளந்து வெட்டி, முற்றத்து மணலில் அவ்வரங்கைக் கோடிட்டு அமைக்கச் செய்தால், நீளம், அகலம், பரப்பு ஆகிய கணிதப் பாடங்களும் அங்கேயே நடந்துவிடும்.

தொல்காப்பியம் வகுத்த எண்வகை மெய்ப்பாடும் இவ்வாறே. உயர்கல்விக்குரிய பொருளென ஒதுக்கப்படும் அப்பகுதி, உண்மையில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. சான்றாக, அச்சம் பிறக்கும் இடங்கள் தெய்வம், விலங்கு, கள்வர், இறைவன் என நான்காகக் கூறப்பட்டுள்ளன. இறைவன் என்றது ஈண்டு அரசன் முதலிய தலைவரை. பேய்க்கதை கேட்ட பிள்ளை அஞ்சும் முறை வேறு. காட்டு யானையைக் கண்டு அஞ்சும் முறை வேறு. இரவிற் கள்வனின் காலடி கேட்டு அஞ்சுவது வேறு. வீட்டுவேலை செய்யாது வந்து தலைமையாசிரியர் முன் நிற்கும்போது அஞ்சுவது வேறு. இந்நான்கையும் சொல்லின்றி உடலாலும் முகத்தாலும் காட்டுமாறு வகுப்பினரைக் கேட்டால், நான்கும் வேறு என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். நூலாசிரியன் வகுத்த பகுப்பு அவர்கள் மெய்யிலேயே புலப்படும்.

ஊர்க் களரி என்னும் பள்ளி

திருகோணமலை என்றவுடன் இயற்கைத் துறைமுகமும் திருக்கோணேச்சரமும் நினைவுக்கு வரும். துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டமோ வயலும் குளமும் காடும் கடற்கரையும் விரவியது. தம்பலகாமத்திலும் கொட்டியாபுரப் பற்றின் ஊர்களிலும் அறுவடை முடிந்த ஓய்வுக் காலங்களிற் கூத்து ஆடப்பட்டு வந்தது. மட்டக்களப்பிற் செழித்த வடமோடி, தென்மோடி மரபுகளோடு உறவுடையது அக்கலை.

கூத்தின் சிறப்பை அரங்கேற்ற இரவில் மட்டும் காண்பவர் அதன் பாதியையே கண்டவராவர். ஒரு கூத்து அரங்கேறுமுன் ஊரவர் பல மாதங்கள் மாலைதோறும் கூடிப் பயில்வர். அப்பயிற்சி படிமுறையானது. முதலில் ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாரும் கூடி எக்கூத்தை ஆடுவது எனத் தீர்மானிப்பர். அடுத்துச் சட்டங் கொடுத்தல் நிகழும். ஒவ்வொருவனுடைய குரலையும் உடலமைப்பையும் அண்ணாவியார் நோக்கி, அவனவனுக்குரிய பாத்திரத்தை வழங்குவார். பின்னர் ஆட்டமும் பாட்டும் பழக்கப்படும். கால் ஓரளவு தாளத்திற்கு இசைந்த பின்னரே சதங்கை அணியும் சடங்கு நடைபெறும். அதன்பின் அடுக்குப் பார்த்தல். கூத்து முழுவதும் தொடர்ச்சியாக ஆடிப் பார்க்கப்படும். எல்லாவற்றுக்கும் முடிவாகவே அரங்கேற்றம் வரும்.

இம்முறையில் ஆசிரியர் கற்கத்தக்கன மூன்று உள. முதலாவது, பங்கு பெறுதல். ஆடுவோன், மத்தளம் அடிப்போன், தாளம் போடுவோன், ஏடு பார்த்துச் சொல்வோன், உடை ஒப்பனை செய்வோன், பந்தலிடுவோன் என ஊரவர் பலர்க்கும் அதில் ஒரு வேலை உண்டு. வகுப்பு நாடகத்திலும் வேலையற்ற பிள்ளை ஒன்றேனும் இருத்தலாகாது.

இரண்டாவது, துணை. கூத்திற் பாடுவோன் தனியே விடப்படுவதில்லை. அவன் பாடிய அடியை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வாங்கிப் பாடுவர். அவன் குரல் தளர்ந்தாலும் பாட்டுத் தளராது. அவன் ஓர் அடியை மறந்தாலும் பின்னிற்போர் எடுத்துக்கொடுப்பர். மேடையில் வசனத்தை மறந்து, அவையோர் சிரிப்புக்கு ஆளாகி, அதன்பின் வாய்திறக்க மறுக்கும் பிள்ளைகளை ஆசிரியர் பலர் அறிவர். பிற்பாட்டு முறையை மேற்கொண்ட வகுப்பில் அந்நிலை பெரிதும் குறையும். ஒருவன் சொல்ல, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும்போது கூச்சமுள்ள பிள்ளை முதலிற் கூட்டத்தோடு பாடும். பின்னர் இருவராய்ப் பாடும். ஈற்றில் தானே முன்வரும்.

மூன்றாவது, வரவு. கூத்திலே பாத்திரம் களரிக்குள் புகும்போது தன்னை இன்னார் என அறிவித்து ஆடிப் புகும். அரசனுக்கு ஒரு தாளம், பெண்ணுக்கு ஒரு தாளம், வேடனுக்கு ஒரு தாளம். நடையினாலேயே ஆள் இன்னார் என உணர்த்தும் இம்முறை, சிறுவர்க்கு நடிப்பின் முதற்பாடமாக அமையத்தக்கது.

சிறுவர்க்கென்றே அமைந்த ஆடலும் கிழக்கில் உண்டு. கையிற் கோலேந்தி வட்டமாக நின்று, பாட்டுக்கு இசைய அடித்து ஆடும் வசந்தன் கூத்தில் ஆடுவோர் பெரும்பாலும் சிறுவரும் இளைஞருமே. அதற்குரிய பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து, மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு எனும் பெயரில் 1940 இல் வெளியிட்டார்.

வழிகாட்டியோர்

ஊர்க் களரிக்கும் கற்றோர் அவைக்கும் இடையே நெடுங்காலம் ஒரு மதில் இருந்தது. அதனை உடைக்க முயன்றோருள் இருவரை இங்கு நினைத்தல் தகும். இராமகிருஷ்ண மிஷன் கல்வி நிலையங்களை நிருவகித்துத் திருகோணமலையிலும் கல்விப்பணி புரிந்த சுவாமி விபுலானந்தர், 1926 இல் மதங்க சூளாமணி என்னும் நாடக ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். மதங்கர் என்றால் கூத்தர். சேக்சுபியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் மரபையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த நூல் அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கொண்டு கர்ணன் போர் என்னும் கூத்தை 1962 இல் மேடையேற்றினார். இராவணேசன் 1964 இல் தொடர்ந்தது. விடியவிடிய நடைபெறும் கூத்து, மரபு கெடாது சுருக்கப்பட்டு நகரத்தவர் முன் வந்தது. அதுவரை படியாதவர் கலையென இகழப்பட்டது பல்கலைக்கழக மாணவர் கால்களிற் சதங்கையாக ஒலித்தது.

சிறுவர் அரங்கு இவர்களுக்குப் பின் வந்த தலைமுறையின் ஆக்கம். யாழ்ப்பாணத்தில் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம், ஆசிரியத் தொழிலில் ஊறியவர். அவருடைய கூடி விளையாடு பாப்பாவும், இராவணேசனில் ஆடி வளர்ந்த சி. மௌனகுருவின் தப்பி வந்த தாடி ஆடும் ஈழத்துச் சிறுவர் நாடகத்திற்கு வழிவகுத்தவை. பிற்காலத்தில் நாடகமும் அரங்கியலும் இடைநிலை வகுப்புக்களின் அழகியற் பாடங்களுள் ஒன்றாயிற்று. ஆறாந் தரத்திற் பாடமாகும் ஒன்றுக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் அடித்தளம் இடப்படாவிடின், அது பெரும்பாலும் எழுத்துப் பரீட்சைக்குரிய பாடமாகவே சுருங்கிவிடும்.

வகுப்பறையிற் செய்யத்தக்கன

முதலாம், இரண்டாந் தரங்களில் நாடகம் என்ற சொல்லே வேண்டுவதில்லை. மேசைகளை ஒதுக்கி வட்டம் அமைத்தல் போதும். ஆசிரியர் சிறு பறையிலோ மேசையிலோ தாளம் அடிக்க, பிள்ளைகள் கொக்காக, நண்டாக, சுமை தூக்கும் துறைமுகத் தொழிலாளியாக, நிறைகுடம் சுமக்கும் பெண்ணாக நடக்கட்டும். திருகோணமலைக் கரையோரப் பிள்ளைகள் கரைவலை இழுப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள். இல்லாத கயிற்றை இருப்பதாகப் பாவித்து, அம்பாப் பாட்டின் ஓசைக்கு இசைய இரு நிரையாக நின்று இழுக்கச் செய்தால், ஒத்திசைந்து இயங்குதல் என்பதை ஆசிரியர் விளக்கவேண்டியதில்லை. கயிறு தளர்ந்ததா, வலை பாரமாயிற்றா என்பதை அவர்கள் உடலே சொல்லும்.

மூன்றாம், நான்காந் தரங்களிற் கதை புகலாம். கதை பிள்ளைகள் அறிந்ததாக இருத்தல் நன்று. கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழும் இம்மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் கண்டவை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தோற்றுவித்தவை அவை என்பது ஐதிகம். பத்துத் தலையும் கோபமும் உடைய அரக்கனாக மட்டும் இராவணனை அறிந்த பிள்ளை, தாயை இழந்த மகனாக அவனைக் காணும்போது ஒரு புதிய சொல்லைத் தேட நேரிடும். ஏழு பிள்ளைகள் ஏழு கிணறுகளாக அமர்ந்து, வெவ்வேறு சூடுடைய தாம் கண்ட காட்சியை ஒவ்வொருவராகக் கூறலாம். எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் வேண்டா. கதையை ஆசிரியர் நன்கு சொல்லியிருந்தால் பேச்சுத் தானே வரும். அப்பேச்சு ஊர்வழக்கில் இருந்தால் ஆசிரியர் இடைமறித்துத் திருத்தலாகாது. ஆடி முடிந்தபின் அவர்கள் கூறியவற்றையே கரும்பலகையில் எழுதிச் செந்நெறிப்படுத்தினால், அது நல்லதொரு மொழிப்பாடமாகும்.

ஐந்தாந் தரத்தில் களரியின் படிமுறை முழுவதையும் கைக்கொள்ளலாம்: கதையைத் தெரிதல், பாத்திரம் வகுத்தல், பழகுதல், அடுக்குப் பார்த்தல், ஈற்றில் அயல் வகுப்பினர் முன் ஆடிக்காட்டல். பாத்திரம் வகுக்கும்போது ஒரு பாத்திரத்தை ஒருவனுக்கே உரிமையாக்காது இருவர் மூவர் மாறி மாறி ஆடச் செய்தல் வேண்டும். ஊரில் வாழும் அண்ணாவியார் ஒருவரை வகுப்புக்கு அழைத்தல் இவ்வாண்டில் ஒருமுறையேனும் நிகழவேண்டும். ஒரு மத்தளத்தின் ஓசை வகுப்பறைக்குள் எழும்போது பாடநூலில் உள்ள படம் உயிர் பெறும்.

தடைகள்

இவற்றுக்கு நேரம் எங்கே என்பது முதல் வினா. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஆரம்பப் பள்ளியின் மேல் கவிந்து நிற்கின்றது; மூன்றாந் தரத்திலேயே வினாத்தாள் பயிற்சி தொடங்கும் வீடுகளும் உள. ஆயினும் 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றையும் வகுத்து, கீழ்வகுப்புக்களில் விளையாட்டுக்கு மிக்க இடம் அளித்தது. ஆகவே நாடகம் பாடவேளையைத் திருடும் கள்வனன்று. தாய்மொழிக்கும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கும் ஒதுக்கிய வேளையிலேயே அது நிகழக்கூடியது. கிழமைக்கு அரைமணி போதும்.

இரைச்சல் எழும் என்பது அடுத்த குறை. எழும் என்பது உண்மையே. தாளம் நின்றால் அசைவும் நிற்கவேண்டும் என்னும் ஒரே விதியை முதல் நாளிலேயே பழக்கினால், பிரம்பின்றி அமைதி வரும். பெண்பிள்ளைகளைக் கூத்தாட விடுதல் தகுமோ என முன்னொரு காலத்தில் வினவியோர் உண்டு. வகுப்பறை வட்டத்தில் ஆண், பெண் என்னும் பிரிவுக்கும் சாதிப் பிரிவுக்கும் இடமில்லை என்பதே அதற்கு விடை.

துன்பம் கண்ட பிள்ளைகள்

இம்மாவட்டத்தில் நாடகக் கல்விக்கு மற்றொரு தேவையும் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 மார்கழி 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் நேர்ந்த இடப்பெயர்வும் இங்குள்ள குடும்பங்கள் பலவற்றைச் சிதைத்தன. இன்று ஆரம்ப வகுப்பில் இருப்போர் அவற்றைக் கண்டவர் அல்லர், கண்டவரின் மக்கள். வீட்டில் பேசப்படாத துயரம் பிள்ளையின் மௌனமாக வகுப்புக்கு வருதல் உண்டு.

இரவீந்திரநாத தாகூரின் அஞ்சல் நிலையம் என்னும் நாடகம் நோயுற்று அறைக்குள் அடைபட்ட ஒரு சிறுவனைப் பற்றியது. போலந்தின் வார்சோ நகரில், நாசிகள் யூத மக்களை அடைத்துவைத்த பகுதியிலே அநாதை இல்லம் நடத்திய யானுஸ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர், 1942 யூலையில் அந்நாடகத்தைத் தம் பிள்ளைகளைக் கொண்டு நடிப்பித்தார். மறுமாதத்தில் அவரும் பிள்ளைகளும் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அப்பிள்ளைகளிடம் அவர் தங்கள் துன்பத்தை நடிக்குமாறு கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. தொலைதேசத்துச் சிறுவன் ஒருவனின் கதையை அவர்களுக்குக் கொடுத்தார். அக்கதையினூடாக அவர்கள் பேசமுடிந்தது.

திருகோணமலை ஆசிரியர்க்கும் இதுவே நெறி. பிள்ளையின் காயத்தைக் கிளறி மேடைக்குக் கொணர்தல் தீங்கு. தாயைத் தேடும் ஆட்டுக்குட்டியின் கதையையோ, கரைதிரும்பாத தோணியின் கதையையோ வட்டத்தின் நடுவே வைத்தால், பேசவேண்டிய பிள்ளை தன் வேளையிற் பேசும். பேசாவிடினும் பிற்பாட்டில் அதன் குரல் சேரும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அயலயலே வளர்ந்தும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாத மாவட்டம் இது. சொல்லின்றி நடக்கும் அவிநயம் அவர்களை ஒரே வட்டத்தில் நிறுத்தக்கூடும்.

முடிவுரை

பரிசளிப்பு விழா நாடகத்தை நிறுத்தவேண்டும் என்பது இங்குக் கூறப்பட்டதன் பொருளன்று. அரங்கேற்றம் களரிப் பயிற்சியின் கனி. கனியை விரும்புவோர் மரத்தை வளர்க்கவேண்டும் என்பதே பொருள். அண்ணாவிமாரிற் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் ஏட்டில் எழுதாது நினைவில் வைத்திருக்கும் தாளக்கட்டுகள் அவர்களோடு மறையக்கூடியன. கல்லூரிகளிற் கற்று வெளியேறி ஆசிரியப் பணி ஏற்போர் தத்தம் ஊர் அண்ணாவியாரை நாடி, வரவுத் தாளம் ஒன்றையேனும் கற்றுக்கொண்டு வகுப்புக்குட் புகுவாராயின், அடுத்த தலைமுறையின் களரி அங்கே தொடங்கும்.